கடலோரப் பிரயாணம்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கடலோர ஊர்களைப் பார்க்க ஆசை. தரங்கம்பாடி வரை ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்கிறார் என் கணவர். முடியுமா?
– ஒரு வாசகி, பேராவூரணி

பதில்: காரால் முடியும், அம்மா, குழந்தைகளால் முடியாது. ஆகையால் மூன்று நாள் ஒதுக்குங்கள். சேதுபாவாசத்திரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்ததுமே வந்துவிடும் மனோராவை, நம் ஊர்ப் பக்கம்தானே என்று கடந்துவிடாமல், நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடும் பொருட்டு 1814-இல் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பிடிபடாத ஐரோப்பிய சரித்திரம் அந்தக் கடற்காற்றில் பிடிபட்டுவிடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பிரயாணத்துக்கு அரை நாளாவது அவசியம். இரவு வேதாரண்யத்தில் தங்குங்கள். 1930 ஏப்ரலில் உப்பெடுப்பதற்காக ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் நடந்து வந்து சேர்ந்த அந்தப் புண்ணிய பூமியில், காரில் வருகிற உங்கள் கணவர் இரண்டு மணி நேரமாவது நிற்பதே நியாயம். விடியற்காலையில் கோடியக்கரை, வெளிமான்களும், பருவத்தில் வரும் பூநாரைகளும் அங்கே உண்டு. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் வழியாகத் தரங்கம்பாடி சேர்ந்தால், 1620-இல் டேனிஷ்காரர்கள் அமைத்த கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது.

ஒரு வேண்டுகோள்: தை மாதம் அறுவடைக் காலம், நம் உழவர்களுக்குக் களம் போதாமல் தார்ச்சாலையிலேயே நெல் காயும். அந்த இடங்களில் வண்டியை மெல்ல ஒதுக்கி ஓட்டச் சொல்லுங்கள்.