செத்தவர் போட்ட பூட்டு

(நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவு. மாதத்தின் 20ஆம் தேதி, மதியம் 3 மணி. ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். கணக்கருக்கு 31 வருட சர்வீஸ். சிஸ்டம் பார்க்கும் தம்பிக்கு எட்டு மாதம்.)

கணக்கர்: தம்பி, சர்வரை ஒரு தட்டு தட்டிவிடு. ஃபைல் திறக்க மாட்டேங்குது.

தம்பி: திறக்குதே சார். படிக்க மட்டும் திறக்குது.

கணக்கர்: படிக்கவா சம்பளம் தர்றாங்க? ரெண்டு பில் ஏத்தணும். யாரோ பூட்டியிருக்காங்களாம். பேரைப் படி.

தம்பி: பழைய மேனேஜர் பேரு சார்.

கணக்கர்: போன ஆடியில அவருக்குத் திவசமே முடிஞ்சாச்சு. வடை பாயசத்தோட நானே சாப்பிட்டு வந்தேன். அங்க போயும் நம்ம ஃபைலை விட மாட்டேங்கிறாரே மனுஷன்!

தம்பி: அந்தப் பேரை நம்பாதீங்க. ஃபைலைத் திறந்ததும் எக்செல் பக்கத்துலயே ஒரு குட்டி ஃபைலை மறைச்சு வெக்கும். பேருக்கு முன்னால அலைக்கோடும் டாலர் குறியும் இருக்கும். அதுல ஏறுறது அந்த மெஷின்ல ஆபீஸ் போட்டப்ப கொடுத்த பேரு. இப்ப யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது.

கணக்கர்: ஈபி பில் மாதிரி. தாத்தா போய் இருபது வருஷமாச்சு, இன்னும் அவர் பேர்லதான் வருது. சரி, அந்தக் குட்டியை அழிச்சிடு.

தம்பி: வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டினா கதவு திறக்குமா சார்? நிஜப் பூட்டு சர்வர்ல, சாம்பாகிட்ட இருக்கு.

கணக்கர்: சம்பாவா? சீரகச் சம்பாவா, கிச்சிலிச் சம்பாவா?

தம்பி: சாம்பா. ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒருத்தர் ஆரம்பிச்ச சாஃப்ட்வேர். எஸ், எம், பி மூணு எழுத்தும் அதே வரிசையில வர்ற வார்த்தையை அகராதியில தேடி வெச்ச பேரு.

கணக்கர்: நாங்க பிள்ளைக்குப் பேர் வெக்கவே இவ்வளவு தேடினதில்ல. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு, எல்லாப் பூட்டும் உதிர்ந்துடும்.

தம்பி: போன மாசம் அப்படித்தான் பண்ணச் சொன்னீங்க. ஸ்டோர்ஸ் அக்கா காலையிலேருந்து ஏத்தின என்ட்ரி மொத்தமும் போச்சு. இன்னும் என்கிட்ட பேச மாட்டேங்கிறாங்க.

கணக்கர்: அப்ப ஒரு காப்பி எடுத்துப் போட்டுக்கறேன்.

தம்பி: ஃபோல்டரைப் பாருங்க. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ சார் பார்த்தது’. எது நிஜம்?

கணக்கர்: (குரலைத் தாழ்த்தி) அதைக் கேட்காதே. ‘ஃபைனல் 2’வை நம்பித்தான் ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை ஐடிசி எடுத்துட்டோம். ஏம்ப்பா, பூட்டே இல்லாத சர்வர் கிடைக்காதா?

தம்பி: இருந்துச்சு. 1984-ல சன் கம்பெனி என்எஃப்எஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. யார் எதைத் திறந்தாங்கன்னே சர்வர் ஞாபகம் வெச்சுக்காது. அது சரிப்படாம, பூட்டுக்குன்னு தனியா ஒரு ஏற்பாட்டை ஒட்ட வெச்சாங்க. நாலாவது பதிப்புல பூட்டு வாடகைக்குன்னு ஆயிடுச்சு. லினக்ஸ்ல வழக்கமா 90 விநாடி. அதுக்குள்ள ‘இருக்கேன்’னு குரல் கொடுக்கலேன்னா, அடுத்தவர் கேட்டதும் தூக்கிக் கொடுத்துடலாம்.

கணக்கர்: 90 விநாடியா! எங்க வீட்டு மாடியில ஒருத்தன் பதினோரு வருஷமா குரலும் கொடுக்கல, வாடகையும் கொடுக்கல. அவனைக் கொண்டுபோய் அந்த சர்வர்ல குடிவெக்க முடியுமா?

தம்பி: முதல்ல இதைப் பார்ப்போம். (கறுப்புத் திரையில் ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’ என்று தட்டுகிறான். வரிகள் ஓடுகின்றன.) இதோ. பிராசஸ் எண் 4127. உங்க ஃபைல்தான். ‘டினை ரைட்’. அதாவது, நான் எழுதுற வரைக்கும் அடுத்தவன் எழுதக் கூடாது. திறந்தது காலையில 9:52.

கணக்கர்: மதியச் சாப்பாட்டுக்கு ஃபைலைத் திறந்து போட்டுட்டுப் போன தடியன் எவனோ! எவனா இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காதே. வெட்டு!

தம்பி: ‘கில் 4127’, ஒரே வரிதான். மெஷின் யாருதுன்னு பார்த்துட்டு அடிக்கறேன்... பழைய மேனேஜரோட லேப்டாப். அவருக்கப்புறம் அது யார்கிட்ட போச்சு சார்?

(மௌனம். மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.)

கணக்கர்: முதலாளிகிட்ட.

தம்பி: அப்ப அவர்தான் திறந்து வெச்சிருக்கார். கேபின்லதான் இருக்கும்.

கணக்கர்: கேபினைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு கல்யாணத்துக்குப் போயிட்டார். ஏன், லேப்டாப் தானா தூங்கிடாதோ?

தம்பி: அடிக்கடி தூங்கிடுதுன்னு அவர்தான் அதை நிறுத்தச் சொன்னார். வெட்டிடவா?

கணக்கர்: டேய், கையை எடு!

தம்பி: நீங்கதானே சார், தயவு தாட்சண்யம்...

கணக்கர்: அவர் ஏதாவது திருத்தி சேவ் பண்ணாம இருந்தா?

தம்பி: போயிடலாம். இல்லேன்னா நாளைக்கு வந்து சேவ் பண்ணுவார், உங்க ரெண்டு பில் மேல அவர் காப்பி ஏறிடலாம். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்.

கணக்கர்: ‘உங்களாலதான் வேலை நிக்குது’ன்னு நான் சொல்லணுமா? எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குப்பா.

தம்பி: ராத்திரிக்குள்ள 3பி போடலேன்னா?

கணக்கர்: லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபாய். கட்டிக்கலாம்.

தம்பி: வரிக்கு 18 சதவீதம் வட்டி ஓடுமே சார்?

கணக்கர்: அது முதலாளி பணம்.