வேட்டைக்காரன் வேஷம் கட்டின டாக்டரு

ஏலே பேராண்டி, இங்க வா. முட்டி கிழிஞ்ச கால்சட்டைய முழுக்காசு குடுத்து வாங்கிட்டு வந்து, "இதான் தாத்தா கிராமத்து லுக்கு"ங்கியே, அந்தக் கூத்து ஒங்க காலத்துல மொளச்சதுன்னா நெனச்ச? அமெரிக்காவுல நாஷ்வில்னு ஒரு ஊரு. அங்க ஒரு ரேடியோக்காரன் இத எப்பவோ ஆடி முடிச்சிட்டான்.

1925 அக்டோபர்ல டபிள்யூ.எஸ்.எம்.னு ஒரு ஸ்டேஷன் தொறந்தாங்க. தொறந்தது யாரு? இன்சூரன்ஸ் கம்பெனி. பாட்டுமேல ஆசையாக்கும்? பாலிசிமேல ஆசை! ராத்திரி ரேடியோ பாடும், விடிஞ்சா ஏஜெண்டு கதவத் தட்டுவான். பாட்டுப் போடுத கம்பெனி ஆளுன்னா நாற்காலி போடாமலா இருப்பாக?

அடுத்த மாசமே ஜார்ஜ் ஹேன்னு ஒருத்தரு அறிவிப்பாளரா வந்தாரு. தனக்குத்தானே "கெழட்டு நீதிபதி"ன்னு பட்டம். கோர்ட்டு நீதிபதியும் இல்ல, கெழவனும் இல்ல. வயசு 30! நெசமான கெழவரு ஒருத்தரு மைக்கு முன்னால உக்காந்தது நவம்பர் 28-ல. அங்கிள் ஜிம்மி தாம்சன், வயசு 77. ஒரு மணி நேரம் பிடிலு இழுத்தும் மனுசன் ஓயல.

இப்ப கேளு. ஹம்ப்ரி பேட்னு வைத்தியம் படிச்ச டாக்டரு. கோட்டு சூட்டு போட்டு, கூட்டாளிகளோட மவுத் ஆர்கன் வாசிச்சவரு. ஹே என்ன செஞ்சாரு? கோட்டக் கழத்திட்டு, தோள்வாரு வச்ச பண்ணைக் கால்சட்டைய மாட்டி, அந்தக் குழுவுக்கு "பாஸம் வேட்டைக்காரங்க"ன்னு பேரும் வச்சாரு. பாஸம்னா ஒரு காட்டுப் பிராணி. ஊசி போடுத கையி, வேட்டைக்காரன் கையாயிருச்சு. படிச்சவன் பட்டிக்காட்டான் மாதிரி நின்னாத்தான் பட்டணத்தான் காசு குடுப்பான் போல!

ஹே நடத்தின அந்தப் பாட்டு நிகழ்ச்சிக்குத்தான் 1927-லருந்து கிராண்ட் ஓல் ஆப்ரின்னு பேரு.

ஊருப் பெரிய மனுசங்களுக்கோ வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. "தெற்கத்தி ஏதென்ஸ்"னு பேரு வாங்கின ஊரு. கிரேக்கத்துப் பார்த்தினான் கோயில அச்சு அசலா கட்டி வச்சிருந்தாக. 1943-ல ஆப்ரி விழாவுக்கு வாங்கன்னு கவர்னரு பிரெண்டிஸ் கூப்பரக் கூப்பிட்டாக. ராய் அக்கஃப் மாதிரி பாடகருங்க நாஷ்வில்ல மலைக்காட்டானுக்குத் தலைநகரா ஆக்கிட்டாங்கன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாராம். அதே ஊரு இன்னிக்கு "மியூசிக் சிட்டி"ன்னு மாரு தட்டுது. அந்தப் பேர 1950-ல மொதல்ல சொன்னதும் இந்த ரேடியோ ஆளு டேவிட் காப்தான். கோயிலக் கட்டினவன் கையில கிரேக்கமும் வரல, கல்லாவும் நெறயல. பிடிலுதான் நெறச்சுது.

ஆப்ரியில வேஷம் போடாத ஆளு ஒருத்தரு உண்டு. டிஃபோர்ட் பெய்லி. கருப்பரு, குள்ளமான உருவம். சின்னதா ஒரு மவுத் ஆர்கன்லயே பான் அமெரிக்கன்னு ஒரு ரயில ஓட்டிக் காட்டுவாரு. தொலைவுல சங்கூதும், கிட்ட வரும், தடதடன்னு கடந்து போவும். ஒரே வாய்தான்! 1928-ல 52 சனிக்கிழமையில 49-ல வாசிச்சவரு. பாட்டு உரிமைத் தகராறுல 1941-ல அவர வீட்டுக்கு அனுப்பிட்டாக. பெறவு ஹே புத்தகத்துல எழுதினாரு, பெய்லி சோம்பேறின்னு.

பெய்லி செருப்புக்குப் பாலிஷ் போடுத கடைய நடத்திப் பொழச்சாரு. 1982-ல போய்ச் சேந்தாரு. நாட்டுப்புற இசைப் புகழ் மண்டபத்துல அவரு பேரச் சேக்க 2005 ஆச்சு. சோம்பேறி யாருலே?