ஒரு எழுத்து சுதேசி

சிதம்பரத்தில் அண்ணன் மகன் கிதார் வாங்கக் கிளம்பினான். வ.உ.சி. பெயரைச் சொல்லி, "உள்நாட்டுச் சரக்கா வாங்குடா" என்றேன்.

"கிப்சன்தான் வேணும் சித்தப்பா" என்றவன், விலை கேட்டதும் கொல்கத்தா கிவ்சனுக்கு இறங்கினான். ஒரே எழுத்தில் சுதேசியானான்.

"பேரை மாத்திட்டாங்க, சரி. கிதார் வடிவத்துக்குச் சட்டக் காப்பு உண்டா?" என்று கேட்டான். அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் தன் கிதார்களின் உடல்வடிவத்தை வணிகக் குறியாகப் பதியக் கேட்டது. அது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதென 2009-இல் மறுத்துவிட்டார்கள். நம் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமோ, அதிகபட்சம் 15 ஆண்டு காக்கும்.

தஞ்சாவூர் வீணைக்கு அந்தக் கவலையில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பத்தாண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும். என்ன, பலாமரம் நம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து போகிறது, பெயர் தஞ்சாவூருக்கு. பெண்ணைப் பெற்றது நாம், இனிஷியல் அவர்களுடையது.

"நம்ம வீட்டுல வீணை இருக்கா சித்தப்பா?" என்றான்.

ஏன் இல்லை? காலண்டர் சரசுவதி கையில் இருக்கிறதே. சிவகாசி அச்சு, சுத்த சுதேசி.