டாக்டர் அப்பாவும் நாலு கோடு நோட்டும்

வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. திண்ணையெல்லாம் இடிச்சு கார் ஷெட்டு போட்டுட்டாங்க, அதனால இந்த பிளாஸ்டிக் சேருதான். ட்ரெயினிங் முடிச்சுகினு வர்றீங்க போல, கையில பைலு, கண்ணுல தூக்கம். இங்கிலீஷே காதுல விழாத வீட்டுப் பசங்களுக்கு அதைப் படிக்கவும் எழுதவும் எப்படிப் பழக்குறதுன்னு சொல்லித் தந்தாங்களாமே. நல்லதுதான். நான் ஆறாங்கிளாஸ் தாண்டாத ஆளு. அதனால யோசனை சொல்றதுக்கு எனக்கு முழுத் தகுதி கீது.

பொன்னேரிப் பையன் ஒருத்தன் ஜென்மத்துக்கும் இங்கிலீஷ் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாதுன்னா, அதுக்கு சுளுவான வழி இருக்குது. கிளாசுக்குள்ள நுழைஞ்சதும் புக்கைத் தொறக்கச் சொல்லுங்க. படத்தைப் பார்க்க விட்டுடாதீங்க, பார்த்தா கதை புரிஞ்சு தொலைச்சிடும். நீங்க ஒரு வரி கத்துங்க, அவங்க எல்லாரும் சேர்ந்து அதே வரியைக் கத்தட்டும். வராண்டாவுல போறவங்களுக்குப் பாடம் அமர்க்களமா நடக்குதுன்னு தோணும். நடுவுல எவனாச்சும் "இன்னா அர்த்தம் டீச்சர்?"னு எழுந்தா, "மொதல்ல படி, அர்த்தம் அப்பால"ன்னு உக்கார வெச்சிடுங்க. அந்த அப்பால என்னைக்கும் வராது, பயப்படாதீங்க. பரீட்சைக்கு நோட்ஸ் இருக்குதே.

எதிர்வீட்டுப் பையன் இப்பிடித்தான் தேறிகினு இருக்கான். அவன் புக்கை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் தலைமேல, பென்சில்ல, எறும்பு சைசுல தமிழ் எழுத்து. "ஒன்ஸ் அப்பான் எ டைம் தேர் வாஸ் எ கிங்." கடகடன்னு படிச்சான். அவங்கப்பன் முகத்துல அப்பிடி ஒரு பெருமை. "டேய், அந்த ராஜா கடைசியில இன்னாடா பண்ணான்?"னு கேட்டேன். "எந்த ராஜா தாத்தா?"ன்னான்.

அவனைத் திட்டாதீங்க. அவன் படிச்சது தமிழ், கேட்டவங்களுக்கு இங்கிலீஷ், ரெண்டு பேருக்கும் அர்த்தம் கிடையாது. ஆனா ஒண்ணு பாருங்க, யாரும் சொல்லித் தராமலே சத்தத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். அர்த்தம் கேட்டிருந்தா அதுக்கும் கண்டுபிடிச்சிருப்பான். கேக்கத்தான் ஆள் இல்ல.

நெஜமாவே படிக்க வெக்கணும்னா, மொதல்ல படத்தைக் காட்டி ராஜா மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குதுன்னு கேளுங்க. தமிழ்லயே சொல்லட்டும். பொண்டாட்டியோட சண்டைம்பான் ஒருத்தன், கஜானா காலின்னு இன்னொருத்தன் சொல்லுவான். ரெண்டையும் போர்டுல எழுதிப் பந்தயம் கட்டுங்க. அப்பால புக்கைத் தொறங்க. எவன் சொன்னது சரின்னு பார்க்கறதுக்காகவே ஒவ்வொரு பயலும் வரிவரியா மோந்து பார்ப்பான். தெரியாத வார்த்தை வந்தா உடனே அர்த்தம் சொல்லிடாதீங்க. முன்னாடி வரியையும் பின்னாடி வரியையும் பார்த்து ஊகிக்கச் சொல்லுங்க. பக்கம் முடிஞ்சதும் புக்கை மூடிட்டு, கதையை அவன் பாஷையில திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியலைன்னா படிக்கலைன்னு அர்த்தம், எவ்ளோ கத்தியிருந்தாலும் சரி.

அவன் பாஷைன்னா தமிழ் மட்டும்னு நெனைக்காதீங்க. கும்முடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் பக்கம் போனா பல வீட்ல தெலுங்கு. செங்கல் சூளைப் பசங்களுக்கு ஒடியா. அந்தப் பிள்ளைங்களுக்காக ஒடிசாவுல இருந்து புஸ்தகமும் வாத்தியாரும் வரவழைச்சு, சூளைப் பக்கத்துலயே பாடம் நடத்தினதும் நம்ம ஜில்லாவுலதான். ஆனா இங்கயே சில இங்கிலீஷ் மீடியத்துல, தமிழ்ல பேசினா பைன் போடுறாங்களாம். நல்ல வருமானம்.

என் மருமவ பி.எட். படிச்சா. ராவெல்லாம் சத்தம் போட்டுப் படிச்சதுல பாஸானது அவ, பாடம் ஏறினது எனக்கு. கனடாவுல கம்மின்ஸ்னு ஒரு புரொபசராம். தாய்பாஷையில நல்லாப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ரெண்டாவது பாஷைக்கும் தூக்கிகினு போவும்னு 1979லயே எழுதிட்டாராம். இன்னொண்ணும் சொன்னாராம். இங்கிலீஷ் பேசுற ஊர்லயே குடியிருக்கற பிள்ளைக்குக் கூட வாய்ப்பேச்சு வர ரெண்டு வருசம் ஆவுது, பாடப் புஸ்தக இங்கிலீஷ் பிடிபட அஞ்சுல இருந்து ஏழு வருசம் ஆவுதுன்னு. நம்ம பஸ் ஸ்டாண்டுல முப்பது நாள்ல இங்கிலீஷ்னு புஸ்தகம் விக்கிறவன் மட்டும் கையில கெடைச்சிருந்தா, பாவம் அந்த மனுசன் இவ்ளோ ஆராய்ச்சி பண்ணியிருக்க வேணாம்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னாதான் உங்க பைலுல ஏறும்னா இதையும் ஏத்திக்குங்க. 1789ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் எழும்பூர்ல சோல்ஜர் பசங்களோட அநாதை ஆசிரமப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துகினு இருந்தாரு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பார்த்து அசந்துட்டாரு. மணல் சும்மா கெடைக்குது, தப்பா எழுதினா தடவிட்டு மறுபடி எழுதலாம், அடி கெடையாது. அதைத் தன் பள்ளிக்கூடத்துலயும் வெச்சாரு. விஷயம் தெரிஞ்ச பையனைத் தெரியாத பையனுக்குச் சொல்லித் தர விட்டாரு, நம்ம சட்டாம்பிள்ளை வேலைதான். ஊருக்குப் போயி 1797ல லண்டன்ல அச்சுப் போட்டாரு. மெட்ராஸ் சிஸ்டம்னு பேராயி நாடு நாடாப் பரவிச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கற ஊர்ல அவர் காசுல கட்டின பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ்னுதான் பேரு. கூடவே நம்ம ஒப்பிக்கற வியாதியையும் மூட்டை கட்டிகினு போயிட்டாருன்னு எனக்கு ஒரு சந்தேகம். எப்பிடியோ, மணலும் சட்டாம்பிள்ளையும் நம்ம சொத்து. தெலுங்கும் தமிழும் தெரிஞ்ச பொண்ணைத் தெலுங்கு மட்டும் தெரிஞ்ச பையன் பக்கத்துல உக்கார வெச்சா உங்க வேலையில பாதி கொறையும். பேசுறாங்கன்னு முட்டி போட வெக்காதீங்க.

எழுதறதுக்கு வருவோம். அங்கதான் கூத்தே. போன வாரம் அதே பையன் நாலு கோடு நோட்டைக் காட்டினான். கையெழுத்து முத்து முத்தா, அடித்தல் திருத்தல் ஒண்ணியும் கிடையாது. "மை பாதர் இஸ் எ டாக்டர். ஹி கோஸ் டு ஹாஸ்பிடல் பை கார்." ஓரத்துல செவப்பு மையில "வெரி குட்". அவங்கப்பன் சிப்காட்டுல கான்ட்ராக்ட் லேபர், நைட் ஷிப்டு. கம்பெனி பஸ்ஸை விட்டான்னா அன்னிக்குக் கூலி போச்சு. "இன்னாடா, உங்கப்பன் எப்படா டாக்டரானான்?"னு கேட்டா, "போர்டுல இருந்துச்சு தாத்தா"ங்கறான். அந்தக் கிளாஸ்ல அத்தினி பேருக்கும் அப்பா டாக்டர்தான். அவ்ளோ டாக்டர் இருந்தும் எனக்கு மூட்டுவலி தீரலை பாருங்க.

அவனை வாயால சொல்லச் சொன்னேன், தமிழ்லதான். அப்பா கம்பெனி பஸ்ல ஷிப்டுக்குப் போவாரு, தலைக்கு ஹெல்மெட், காலுக்கு ஷூ, காலையில வந்ததும் லைட்டை அணைச்சிட்டுத் தூங்குவாரு, நாங்க சத்தம் போடக் கூடாதுன்னான். எண்ணிப் பாருங்க, இதுலயே ஹெல்மெட், ஷூ, ஷிப்டு, பஸ், கம்பெனி, லைட்டு எல்லாம் இங்கிலீஷ்தானே. நடுவுல கோக்க நாலு வார்த்தை நீங்க எடுத்துக் குடுத்தா கட்டுரை ரெடி. மொத தடவை கோணல்மாணலா வரும், வரட்டும். தமிழ் வார்த்தை நடுவுல நின்னா நிக்கட்டும். எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல வட்டம் போட்டீங்கன்னா நோட்டுல அம்மை போட்ட மாதிரி இருக்கும், பையன் மறுநாள் லீவு. இன்னிக்கு ஒரு தப்பு மட்டும் எடுங்க. இறந்தகாலம் பத்தி வேணும்னா நாளைக்குப் பார்த்துக்கலாம், எங்க ஓடிடப் போவுது.

படிக்க வேற ஒண்ணும் கெடைக்கலைன்னு சொல்லாதீங்க. 1979ல ஆரம்பிச்சு அஞ்சு வருசம், பெங்களூரு, மெட்ராஸ் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல என்.எஸ்.பிரபுன்னு ஒருத்தர் இலக்கணத்தை ஓரம் கட்டிட்டு, மேப்பும் ரயில் டைம்டேபிளும் குடுத்துக் கணக்குப் போட வெச்சுப் பார்த்தாராம். நமக்குத்தான் வாசல்லயே கும்முடிப்பூண்டி லோக்கல் ஓடுதே. மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டைன்னு ஸ்டேஷன் போர்டு அத்தினியும் மூணு எழுத்துல கீது. டைம்டேபிளைக் குடுத்து, காலையில ஆறு மணி ஷிப்டுக்கு ஒருத்தர் கும்முடிப்பூண்டி கேட்டுல நிக்கணும்னா பொன்னேரியில எந்த வண்டி ஏறணும்னு இங்கிலீஷ்ல கேள்வி கேளுங்க. பூச்சி மருந்து டப்பா, மாத்திரை அட்டை, கம்பெனி கேட்டுல தொங்குற எச்சரிக்கை போர்டு, எல்லாமே புஸ்தகம்தான். பூச்சி மருந்து டப்பாவைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரிஞ்ச பையன், ஷேக்ஸ்பியரை அப்பால பார்த்துக்குவான்.

கவர்மெண்டு ஒண்ணும் சும்மா இல்ல. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்து பசங்க எழுத்தையே மறந்தப்ப, எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலமைச்சர் 2022 ஜூன்ல தொடங்கி வெச்சது நம்ம திருவள்ளூர் ஜில்லா அழிஞ்சிவாக்கத்துலதான். எட்டு வயசுக்குள்ள பிள்ளைங்க புரிஞ்சு படிக்கணும்னு 2025ஐக் கெடு வெச்சாங்க. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணுக்கும் அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களை அவங்கவங்க நெலைக்குத் தக்கபடி பிரிச்சுப் பாடம். யோசனை நல்ல யோசனை, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா மேல இருந்து கணக்கு கேட்டா, கை தானா அரும்பையெல்லாம் மலர் கட்டத்துல எழுதிடும் பாருங்க, அந்தக் கையைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. அரும்புன்னு எழுதின பிள்ளைக்கு நாளைக்கு யாராச்சும் சொல்லித் தருவாங்க. மலர்னு எழுதிட்டா அதோட விட்டுடுவாங்க.

ஆபீசர் வந்தா இன்னா காட்டுறதுன்னுதானே முழிக்கிறீங்க? ஒவ்வொரு பையனுக்கும் ரெண்டு நோட்டு போடுங்க. ஒண்ணுல அடித்தல், திருத்தல், தமிழ் கலந்தது, நைட் ஷிப்டு அப்பா, லைட்டு அணைச்ச வீடு எல்லாம் இருக்கட்டும். அது உங்களுக்கும் பையனுக்கும். இன்னொண்ணு அந்த முத்து முத்தான நாலு கோடு நோட்டு. ஆபீசர் வந்தா டாக்டர் அப்பாக்கள் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் காட்டுங்க, கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. ஒருவேளை அவரு அந்த அழுக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் படிச்சாருன்னா, உடனே எனக்கு போன் பண்ணுங்க. அப்பிடி ஒரு ஆபீசரை நானும் பார்க்கணும்.