உடும்பஞ்சோலைச் சுரங்க ரயில்: நிலையத் தேர்வு பற்றிய பணிவான குறிப்பு

பெறுநர்: தலைவர், ரயில்வே வாரியம், ரயில் பவன், புது டெல்லி.

பொருள்: போடிநாயக்கனூர் ரயில் பாதையை உடும்பஞ்சோலை வரை சுரங்க வழியாக நீட்டித்தல் – நிலையங்களுக்கு இடம் தெரிவு செய்தல் – தொடர்பாக.

சுரங்க ரயில் நிலையத்துக்கு இடம் தேடும்போது இரண்டு கேள்விகள் எழும். அங்கே ஏற ஆள் இருக்கிறதா, நிலம் இடங்கொடுக்குமா? உடும்பஞ்சோலையைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கான பதில் எல்லோரிடமும் தயாராக இருப்பதால், முதல் கேள்வியைக் கேட்கும் சிரமம் யாருக்கும் நேரவில்லை. உடும்பஞ்சோலை அமைந்த கேரளத்தின் இடுக்கி மாவட்டம் 1972-இல் உருவானது. இன்றுவரை அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. 1997-98-இல் அனுமதி பெற்ற அங்கமாலி–எருமேலி சபரி பாதை தொடுபுழை வழியாக அந்த மாவட்டத்தைத் தொட வேண்டியது. 111 கிலோமீட்டர் திட்டத்தில் காலடி வரை 7 கிலோமீட்டர் போட்டதோடு சரி. காலடியில் நிலையம் கட்டி முடிந்துவிட்டது, இனி ரயில் விடுவது ஒன்றுதான் பாக்கி.

நிலத்தின் விஷயம். நிலைய வளாகத்தின் சரிவு 400-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது ரயில்வே விதி. உடும்பஞ்சோலை வட்டத்தில் ஒரு பந்து மைதானத்துக்கே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். எனவே நிலையம் தரைக்கு மேல் ஆகாது, அடியில்தான் ஆகும். அடிவாரத்துப் போடிக்கும் மலைமேல் உள்ள போடிமெட்டுக்கும் இடையே செங்குத்து உயரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கீவ் நகரின் ஆர்செனால்னா நிலையம் 105.5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, உலகின் மிக ஆழமான நிலையங்களில் அதுவும் ஒன்று. போடியின் மட்டத்திலேயே பாதையைக் கொண்டுபோய் உடும்பஞ்சோலைக்கு அடியில் நிறுத்தினால் மிக ஆழமானது என்ற பெருமை பல மடங்கு வித்தியாசத்தில் இடம் மாறும். நகரும் படிக்கட்டின் நடுவழியில் ஒரு டீக்கடைக்கு டெண்டர் விடலாம்.

ஏறும் ஆட்களைக் கணக்கெடுப்பது சற்றுச் சிக்கலானது. விடியுமுன்பே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் கிளம்புகிறார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதை டிரைவர் ஒரு தொடக்கப் புள்ளியாகவே எடுத்துக்கொள்கிறார். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல்கள் வழியாக ஏறி, பொழுது சாயும்போது அதே வழியாக இறங்குகிறார்கள். சீசன் டிக்கெட், பாஸ், ரசீது எதுவும் இல்லாததால் இந்தப் பயணம் எந்தப் பதிவேட்டின் எந்தப் பத்தியில் வரும் என்று சொல்வது கடினம்.

அவர்கள் எடுக்கும் ஏலக்காய்க்கு அந்தச் சிக்கல் கிடையாது. புற்றடியிலும் போடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் அது எடைபோடப்பட்டு, லாட் எண் பெற்று, கணினித் திரையில் விலைபோகிறது. யானைக்கும் சிக்கல் கிடையாது. இதே வட்டத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிபட்ட அரிக்கொம்பன், அரசுச் செலவில் லாரியில் பெரியாறு காட்டுக்குப் போனது. அங்கிருந்து தானாகவே கம்பம் நகருக்குள் நடந்து வந்ததும், தமிழ்நாட்டு அரசு இன்னொரு லாரி கொடுத்து முண்டந்துறை வரை அனுப்பியது. மாநில எல்லை கடந்த பயணிக்கு இரு அரசுகளும் இவ்வளவு விரைந்து வாகனம் ஏற்பாடு செய்தது பாராட்டத்தக்கது.

இதனால், மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் ‘பயணிகள்’ பத்தியில் தேடாமல் ‘சரக்கு’ பத்தியில் சேர்ப்பது வாரியத்தின் பரிசீலனைக்கு உரியது. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1902-இல் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, இழுத்தவை மாடுகள். 1908-இல் அது இரண்டடி அகலப் பாதையாகி, இன்ஜின் வந்தது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள் அமைந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போயின. சரிவு, மழை, காடு, பாறை எதுவும் அன்று தடையாகத் தோன்றவில்லை. 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தேயிலைக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. டாப் ஸ்டேஷன் இன்று பேர் மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டுகிறது.

மலையைக் குடைவது குறித்தும் வாரியம் தயங்கத் தேவையில்லை. தேவாரத்தை ஒட்டிய பொட்டிப்புரத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் ரூ.1,500 கோடி. உடும்பஞ்சோலை வட்டத்து மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது திட்டத்தை எதிர்த்த வழக்கில் பேசப்பட்டது, மக்கள் எதிர்த்தார்கள், வேலை தொடங்கவில்லை. ஆனாலும் இந்த மலையைக் குடைய முடியுமா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, குடையலாமா என்பதுதான் வாதம். நியூட்ரினோ பாறைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், எந்த நிலையத்திலும் இறங்காது. அதற்கே சுரங்கம் தேவைப்பட்டிருக்கிறது. அதே தேவாரத்திலிருந்து சாக்கலூத்துமெட்டு வழியாக உடும்பஞ்சோலைக்கு ஒரு ரோடு போடச் சொல்லி ஊர்க்காரர்கள் நெடுங்காலமாக மனு கொடுத்து வருகிறார்கள். ரோட்டை எதிர்க்கவும் காடுதான் காரணம், அதில் நியாயமும் உண்டு.

இனி இடம். வட்டத்தின் பெயர் உடும்பஞ்சோலை என்றாலும் தாலுகா அலுவலகம் நெடுங்கண்டத்தில் இருக்கிறது. ஆகவே உடும்பஞ்சோலை நிலையம் உடும்பஞ்சோலையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எழாது. போக வேண்டிய இடம் ஒன்று, நிலையம் இன்னொன்று என்பது புதிதும் அல்ல. சென்னையை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறந்தபோது, பக்கத்தில் தண்டவாளம் ஓடியும் ரயில் நிற்க நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி வர வேண்டியிருந்தது. ரயில்வேயிடமே இதைவிடச் சிறந்த உதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் ரோடு நிலையம் அம்மையநாயக்கனூரில் இருக்கிறது, கொடைக்கானலுக்கு அங்கிருந்து மலைப்பாதையில் பல மணி நேரம்.

போடி நிலையம் 1928-இல் திறந்தது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மூடியது, 2023 ஜூன் 15 அன்று மறுபடி திறந்தது. கட்டடம் புதியது, நடைமேடை சமதளத்தில் இருக்கிறது, சரிவு விதிக்குள் அடங்குகிறது. எனவே சுரங்கம், நிலம் கையகப்படுத்தல், சுற்றுச்சூழல் அனுமதி ஆகிய மூன்றையும் தவிர்த்து, போடி நிலையத்தின் பெயரை ‘உடும்பஞ்சோலை ரோடு’ என்று மாற்றுவது மிகச் சிக்கனமான தீர்வு. பலகையில் மலையாளத்துக்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும். பெயின்ட் செலவை இரு மாநிலங்களும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு ஒரு கூட்டுக் குழு அமைக்கலாம்.