புதுசு செய்யுற ஊர்ல பழசு தேடுற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. நைட் ஷிப்ட்டு முடிச்சு கம்பெனி பஸ்ல எறங்குனவன் படுக்காம போனை நோண்டிகினே இருக்கியாமே. பொண்ணு போட்டோவா இருக்கும்னு உங்க ஆயா சந்தோசப்பட்டுது. நான் எட்டிப் பாத்தேன். துரு புடிச்ச புல்லட்டு! பொண்ணா இருந்தா நானே நாலு எடத்துல விசாரிச்சிருப்பேன்.

ஒரகடத்துல என்ஃபீல்டு 2013ல வந்தான். வல்லம் வடகால்ல யமஹா 2015ல தொறந்தான். 2017ல என்ஃபீல்டும் அங்க இன்னொண்ணு போட்டான். நம்ம கழனியெல்லாம் போயி இப்ப வண்டி வெளையுது. அங்க நின்னு நட்டு முடுக்குறவன் நீ. ஒவ்வொரு நட்டுக்கும் எம்மாம் முடுக்கணும்னு கணக்கு இருக்குதுன்னு என்கிட்ட பீத்திக்கிறே. வாங்கப் பாக்குற வண்டியில நட்டு இருக்க வேண்டிய எடத்துல கட்டுக்கம்பி இருக்குது. கேட்டா 'ரேரு' தாத்தாங்குறே.

'1960 மாடல், இங்கிலாந்து ஒரிஜினல்'னு போட்டிருக்கான் விக்கிறவன். கதை கேளு. ஐம்பதுகள் தொடக்கத்துல பட்டாளத்துக்கு 800 புல்லட்டு வேணும்னு சர்க்கார் கேட்டுது. மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க இங்கிலாந்துல ரெட்டிச் ஊர் என்ஃபீல்டு கம்பெனியோட சேந்து 1955ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க, திருவொத்தியூர்ல. மொதல்ல பாகமெல்லாம் அங்கிருந்து வரும், இங்க பூட்டுவாங்க. அப்புறம் எல்லாமே இங்கதான். 1970 வாக்குல வெள்ளைக்காரன் கடையைச் சாத்திட்டான், நம்மாளு சாத்தல. 1977ல அவன் ஊருக்கே ஏத்துமதி பண்ணான்! அந்த இரும்பு எஞ்சின் அம்பது வருசத்துக்கு மேல பெருசா மாறாமலே ஓடிச்சு. வம்பே அங்கதான். 88ஆம் வருசத்து வண்டிக்கு 60ஆம் வருசத்து டேங்கு மாட்டுனா பாதி பேருக்குத் தெரியாது. புதுப்பேட்டையில காலையில சைலன்சரு, மத்தியானம் மட்கார்டு, சாயங்காலம் ஒரு பேட்ஜுன்னு தேத்திட்டான்னா ராத்திரிக்குள்ள வண்டிக்கு வயசு ஏறிடும். கூத்துல கிரீடம் வச்சவனெல்லாம் துரியோதனனா?

அதனால போவும்போது காசை வீட்ல வச்சிட்டு, ஒரு பென்சிலும் துண்டுப் பேப்பரும் எடுத்துகினு போ. சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சுத் தேய். எஞ்சின் நம்பரையும் பாரு. ரெண்டும் ஆர்.சி. புக்குல இருக்கிறதோட ஒத்துப்போவணும். ஒரு எழுத்து சாஞ்சிருந்தாலோ, கிரைண்டர் போட்ட பளபளப்பு தெரிஞ்சாலோ, 'தாகமா இருக்குதுண்ணே'ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து தண்ணி குடி.

இன்னொண்ணு. பழைய புல்லட்டுல கியர் வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. ஒரகடம் கூட்ரோட்டுல டிரெய்லர் லாரி திரும்பும், நீ பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிப்பே. வல்லக்கோட்டை முருகர் ஏழடி ஒசரம்தான், இருந்தாலும் எத்தினி பேருக்குக் குறுக்க வந்து நிப்பாரு? ஸ்டார்ட் பண்றதும் லேசில்ல. டீகம்ப் லிவரை அமுக்கிகினு, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டாந்து, அப்புறம் ஒரே ஒதை. முள்ளு தப்புனா வண்டி உன்னை ஒதைக்கும்.

ஆர்.எக்ஸ். 100ஆ? 1985ல வந்து 96ல நின்னுபோச்சு. நீ யமஹாவுல புதுசா பத்து வண்டியைத் தொட்டுட்டு, நின்னுபோனதுக்கு லட்ச ரூபா குடுக்கப் போறியா! எஸ்டி வேணுமா, மைசூர் வண்டி? அதுல கிக்கரும் கியரும் ஒரே கம்பி. சிக்கனம்னா அது. ராஜ்தூத் 350 பேரைச் சொல்லாதே. அது குடிச்ச பெட்ரோலைப் பாத்து அன்னிக்கு ஊரே பயந்தது. இன்னிக்கு அதையே லெஜண்டுங்குறான்.

சட்டமும் இருக்குது கண்ணு. 50 வருசம் தாண்டி, பெருசா எதையும் மாத்தாம இருந்தா வின்டேஜுன்னு பதியலாம்னு 2021ல விதி வந்தது. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். புதுசா பதிய 20,000 ரூபா. தெனம் வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, அம்மாந்தான். பெட்ரோல் போடப் போவலாம். போட்டதைச் செலவழிக்கத்தான் எடமில்ல.

மட்கார்டை அறுத்து, லாரி டயராட்டம் ஒண்ணை மாட்டி, 'கஸ்டம்'னு விக்கிறானே, அது இன்னும் மோசம். மழையில முதுகெல்லாம் சேறு, அதுக்குப் பேரு பாபராம். கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு.

கெட்டிக்காரன் யாருன்னா என்ஃபீல்டு கம்பெனிக்காரன்தான். 2018ல பெகாசஸ்னு ஒண்ணு விட்டான். ஒலகத்துக்கே ஆயிரம், நம்ம நாட்டுக்கு 250. நெட்டுல தொறந்து 178 செகண்டுல தீந்துபோச்சாம். 2021ல, கம்பெனிக்கு 120 வருசம் ஆச்சுன்னு 650 சிசி வண்டிக்கு ஒரு தனிக் கலரு. இங்க 120 வண்டி, அது போவ 120 செகண்டு. துருவே புடிக்காம அபூர்வம்! எண்ணிக்கையை நிறுத்துனான், அபூர்வம் ஆயிடுச்சு. நீ வண்டி செய்யுற லைன்லயே நின்னுகினு இதைப் படிச்சுக்கல.

இதையெல்லாம் விடு. டீசல் புல்லட்டு பாத்திருக்கியா? டாரஸ்னு பேரு. கம்பெனியே செஞ்சு வித்தது. கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின், 325 சிசி, ஆறரை குதிரை சக்தி. எல்லாம் நிதானம் தெரிஞ்ச குதிரைங்க. 65க்கு மேல போவாது, ஆயாவுக்கும் கவலை இல்ல. புகைச் சட்டம் வந்து 2000 வாக்குல நிறுத்திட்டான், அதனால தேடுனாலும் கெடைக்காது. அதிர்வு இருக்கும்தான், காசு குடுத்துப் பண்ணிக்கிற மசாஜு, இதுல சும்மா கெடைக்குது. புகையா? கொசு அண்டாது. கியர் வலது கால்லதான், அதுக்கென்ன, பழகிடும்டா.

விக்கிறியான்னு கேக்குறியா? சேச்சே. நம்ம கொட்டாயில ஒண்ணு சும்மா நிக்குது, கோழி அடை காக்குது. திருத்தணிக்காரர் ஒருத்தர் ஒண்ணே முக்கால் லட்சம்னாரு, நான் வாயே தொறக்கல. நீ நம்ம வீட்டுப் புள்ள, உனக்குன்னா பாத்துப் பண்ணலாம். ஆர்.சி. புக்கு இல்லாமயா? இருக்குது. கரையான் கொஞ்சம் படிச்சிருக்குது, அதுவும் நம்பர் இருக்கிற பக்கத்தை மட்டும்தான்.

ஏண்டா, எங்க எழுந்து போறே? பென்சில் எதுக்குடா இப்ப?