தாள் சாயட்டும், பொறுங்கள்!

பட்டப்பகலில் மல்லாந்து படுத்தால் "வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்கும் உலகம் இது. இதில் படுத்த பிறகுதான் வேலையை முடித்ததாக ஒப்புக்கொள்ளப்படுகிற ஒரே ஜீவன் வெங்காயம். தாள் விறைப்பாக நிற்கும்வரை அது உழைக்கிறது. கழுத்து தளர்ந்து, பாதிக்கு மேற்பட்ட செடிகளில் தாள் சாய்ந்துவிட்டால் பறிக்கலாம். மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான். இதைக் கடைப்பிடிக்க விடாமல் என்னைச் சுற்றி ஒரு குடும்பமும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் இருக்கின்றன.

தக்காளி என்றால் சிவந்து காட்டும். கத்தரிக்காய் கண்ணெதிரே தொங்கும். வெங்காயம் செய்வதெல்லாம் மண்ணுக்குள். ஆகவே மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருகிறவர்கள், "சும்மா பார்ப்போமே" என்று அங்கே நான் செடி வளர்க்கும் பைகளில் பைக்கு ஒன்றாகப் பிடுங்குவார்கள். "என்ன சார், சின்னதா இருக்கு?" என்று என்னைக் கடிந்துகொண்டு, திரும்ப மண்ணில் குத்திவைத்துவிட்டுப் போவார்கள். நட்டதே சின்ன வெங்காயம்தான் என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை.

மூன்றாவது மாடி மாமி வேறு ரகம். பிடுங்க மாட்டார், கிள்ளுவார். "பொரியலுக்குத் துளி தாள் எடுத்துக்கறேனே?" வெங்காயத்தை உரிக்கும்போது வருகிற ஒவ்வொரு அடுக்கும் ஒரு தாளின் அடிப்பாகம்தான், மேலே இலை குறைந்தால் கீழே காய் பருக்காது என்று விளக்கினேன். "அடப் பாவமே!" என்று மனமாரப் பரிதாபப்பட்டபடி இன்னொரு பிடி கிள்ளிக்கொண்டார்.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அம்மா போனில் நாள் கணக்குச் சொல்வார். "அறுபது தாண்டிடுச்சா? பிடுங்குடா." கணக்கு ஓரளவு சரிதான். சின்ன வெங்காயம் ஏறத்தாழ 65, 70 நாளில் முற்றும். பெரிய வெங்காயத்துக்கு விதையிலிருந்து எண்ணினால் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் காலண்டர் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, வெங்காயம் அதைப் பார்ப்பதில்லை. காய் பருத்து முடிந்ததும் புதுத் தாள் வருவது நின்றுவிடுகிறது. கழுத்துக்குள்ளே ஒன்றுமில்லாமல் போய், மேல்பாரம் தாங்காமல் தானாக மடிகிறது. அதற்குமுன் பறித்தால் கழுத்து தடித்தே இருக்கும், சரியாகக் காயாது, அழுகும்.

"அதுக்கேன் மாமா காத்திருக்கணும்? மிதிச்சு விட்டா முத்திடும்" என்றான் மைத்துனன். மிதித்தால் சாயும், சந்தேகமில்லை. காய்க்குப் போகவேண்டிய சத்துதான் பாதியில் நிற்கும். நசுங்கிய இடம் வழியாக அழுகல் உள்ளே நுழையும். அவனை மாடிப்படியிலேயே நிறுத்திவைத்தேன்.

இத்தனை பேரையும் சமாளித்துவிடலாம், மனைவியின் கருணையைத்தான் சமாளிக்க முடியாது. பறிப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். அப்போதுதான் மேல்தோல் காய்ந்து இறுகும். ஈரம் இருந்தால் புதுவேர் கிளம்பும், அழுகலும் கூடவே வரும். "வாயில்லாச் செடி வாடுது, உங்களுக்குக் கண்ணே இல்லையா?" என்று அவள் அரிசி களைந்த தண்ணீரோடு மேலே ஏறுவாள். வாயுள்ள நான் வாடுவதை அவள் இப்படிக் கவனித்ததாக நினைவில்லை.

பறித்தாலும் முடிவதில்லை. தாளோடு நிழலில் பரப்பி, கழுத்து சுருங்கி, தோல் சலசலக்கும்வரை ஆறவிட வேண்டும். பிறகுதான் ஓரங்குலம் விட்டுத் தாளை அரிய வேண்டும். இந்த இடைவெளியில் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளுவதற்குக் காவலாளி தயாராக இருப்பார்.

எங்கள் ஊர் விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தாளைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். காற்றோட்டமாகப் படல் கட்டிப் பட்டறை போட்டு வைக்கவும் தெரியும். எப்போது விற்பது என்பதில்தான் அவர்கள் தூக்கம் போகிறது. 2019 கடைசியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பட்டறையில் சரக்கு இருந்தவர் பிழைத்தார், முந்தின மாதமே விற்றவர் தலையில் கைவைத்தார். தாள் சாய்வதைப் போல விலை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எங்கள் குடியிருப்பு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த நடவு ஐப்பசியில். மாடிக்கு வாருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். வெங்காயத் தாள் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது மாமி.